ஒன்பதாயிரம் முதல் மூன்று லட்சம் வரை: கிட்டார் விலையில் எது காதுக்கு, எது கண்ணுக்கு?

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு ஆண்டுகளாக அக்கௌஸ்டிக் கிட்டார் கற்று வருகிறாள். தொடக்கத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கிய கிட்டாரில்தான் இன்றுவரை வாசிக்கிறாள். எஃப் கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடிக்கும்போது விரல் வலிக்கிறது என்றும், சுருதி சேர்த்த பிறகும் கார்டு சரியாகக் கேட்கவில்லை என்றும் சொல்கிறாள். நல்ல கிட்டார் வாங்கச் சொல்கிறார் ஆசிரியர். கடையில் 24,000, 62,000, 3,10,000 ரூபாய் என்று மூன்று கிட்டார்களை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. பெயருக்குத்தான் இந்த விலையா? கூடுதலாகக் கொடுத்தால் அவள் வாசிப்பு மேம்படுமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பது ஒன்று. மகளின் விரல் வலிக்கு விலை உயர்ந்த கிட்டார் தீர்வாகுமா என்பது மற்றொன்று. கிட்டார் செய்வதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாய்க்குப் போகும்போது நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காதில் கேட்கும். அங்கிருந்து 62,000-க்குப் போகும்போது ஒரு பகுதி கேட்கும். மூன்று லட்சத்தில் உள்ள பணம் மரத்தின் அருமைக்கும், செய்தவரின் கூலிக்கும், அலங்காரத்துக்கும், வரிக்கும், நீங்கள் ஐயப்படுவது போலவே பெயருக்கும் பிரிந்து போகிறது. விரல் வலி இந்தக் கணக்கில் அநேகமாக வரவே வராது. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

கிட்டாரின் ஒலி தந்தியிலிருந்து நேராக நம் காதுக்கு வருவதில்லை. மெல்லிய எஃகுத் தந்தி தானாக அசைக்கும் காற்று மிகச் சொற்பம். அது, தந்திகளைப் பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையின் வழியாக மேற்பலகையை அசைக்கிறது, அந்தப் பலகைதான் நமக்குக் கேட்கும் அளவுக்குக் காற்றை அசைக்கிறது. லைட் கேஜ் எனப்படும் வழக்கமான மெல்லிய அளவுத் தந்திகள் ஆறையும் சுருதி சேர்த்துக் கட்டினால், எல்லாம் சேர்ந்து 70 கிலோ எடைக்கும் மேற்பட்ட விசையோடு பிரிட்ஜை இழுக்கின்றன. பெரும்பாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாத ஒரு பலகை, இந்த இழுவையை ஆண்டுக்கணக்கில் வளையாமல் தாங்கவும் வேண்டும், விரல் நுனியின் சிறு தட்டலுக்கும் அசைந்து கொடுக்கவும் வேண்டும். வலுவாகச் செய்தால் ஒலி அடங்கிவிடும். இலேசாகச் செய்தால் சில ஆண்டுகளில் வயிறு தள்ளி, பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் செய்பவர் எவ்வளவு துணிந்து போகிறார் என்பதில்தான் விலை வேறுபாட்டின் வேர் இருக்கிறது.

மலிவான கிட்டார் செய்யும் ஆலை இந்தச் சிக்கலை எளிய வழியில் தீர்த்துக்கொள்கிறது. மெல்லிய மரத்தகடுகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுத் தகட்டின் ரேகை குறுக்கே போகும்படி ஒட்டி அழுத்திய பலகையை மேற்பலகையாக வைக்கிறது. லேமினேட் என்று நயமாகச் சொன்னாலும் அது ப்ளைவுட்தான். மேல் தகடு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரமாக இருப்பதால் பார்வைக்கு விலை உயர்ந்த கிட்டாரைப் போலவே இருக்கும். உங்களுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ப்ளைவுட் வெடிக்காது, ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் அசையாது, ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வெட்டலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஒலியில்தான் தெரியும். ஸ்ப்ரூஸ் மரத்தின் சிறப்பே, எடை குறைவாக இருந்தும் ரேகையின் நீளவாக்கில் மிக விறைப்பாக இருப்பதுதான். குறுக்குவாக்கில் அந்த விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு திசையில் விறைப்பும் மறு திசையில் நெகிழ்வுமாக அது அசையும் விதம், நடுத் தகட்டைக் குறுக்கே ஒட்டியவுடன் போய்விடுகிறது. தந்தியின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பசையும் விழுங்கிக்கொள்கிறது. எனவே அத்தகைய கிட்டாரில் மெதுவாக வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் ஒலியின் நிறம் அதிகம் மாறுவதில்லை.

சாலிட் டாப் என்பது இதற்கு நேர்மாறு. ஒரே மரத்துண்டை நடுவே பிளந்து, இரு பாதிகளையும் விளிம்போடு விளிம்பாக ஒட்டிச் செய்த முழுமரப் பலகை அது. நீங்கள் பார்த்த 24,000 ரூபாய்க் கிட்டாரின் மேற்பலகை இப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். பக்கங்களும் பின்புறமும் லேமினேட்டாகவே இருக்கும், அதில் பெரிய குறை ஒன்றுமில்லை. நன்கு தெரிந்த யமாஹாவையே எடுத்துக்கொண்டால், எஃப் 310 என்ற தொடக்கநிலை மாடலின் மேற்பலகை லேமினேட். அதற்கு அடுத்த நிலையில் உள்ள எஃப்ஜி 800-இன் மேற்பலகை முழுமரம். என் கணிப்பில், கிட்டார் விலைப் பட்டியல் முழுவதிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பயன் தரும் ஒரே தாவல் இதுதான்.

முழுமரத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், அதற்கு எந்த மரமும் ஆகாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்கா வரை வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். கிட்டாரின் பாதி அகலத்துக்கு, முடிச்சும் முறுக்கும் இல்லாத, ரேகை நெருக்கமாகவும் பலகைக்குச் செங்குத்தாகவும் ஓடும் துண்டு வேண்டுமானால், மரம் சில நூறு ஆண்டுகள் வளர்ந்து பருத்திருக்க வேண்டும். அறுத்ததிலும் பெரும்பகுதி கழிவாகிப் போகும். தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்யும் ஏகாந்த வீணைக்கு ஒட்டு வீணையைவிட அதிக விலை சொல்வதும் இதே காரணத்தால்தான். தேர்ந்தெடுத்த பலகையை உடனே கிட்டாராக்கவும் முடியாது. ஈரம் சீராக வற்றும் வரை அடுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும், அந்தக் காலமெல்லாம் முதலீடு முடங்கிக் கிடக்கும். அவசரப்பட்டுச் செய்த முழுமரக் கிட்டார் ஓராண்டுக்குள் வெடிக்கும்.

62,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் போகும்போது கூடுவது, மரத்தைவிட அதன் மேல் செலவிடும் கவனம். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்து மாறும். 3 மில்லிமீட்டர் பலகையை 2.7-ஆக இழைத்தால், தடிமன் பத்து சதவீதம்தான் குறைகிறது. விறைப்போ ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரிய ஆலை, மிக மோசமான பலகையும் தாங்கும்படி ஒரு தடிமனை வகுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதே அளவுக்கு இயந்திரத்தில் தேய்க்கிறது; நல்ல பலகைகள் தேவைக்கு மேல் தடித்து நின்றுவிடுகின்றன. தனியாகச் செய்யும் கைவினைஞர், பலகையை விரலால் தட்டிக் கேட்டும், இரு கைகளாலும் வளைத்துப் பார்த்தும், அந்தப் பலகைக்கு எது பொருந்துமோ அந்த அளவில் நிறுத்துகிறார். உட்புறம் ஒட்டும் தாங்குசட்டங்களிலும் இதே கதைதான். 1840-களில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் வளர்த்தெடுத்த, எக்ஸ் எழுத்தின் வடிவிலான சட்ட அமைப்பையே இன்றும் எஃகுத்தந்திக் கிட்டார்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அமைப்பு ஒன்றானாலும், சட்டத்தை எங்கே எவ்வளவு செதுக்கி இலேசாக்குவது என்பதில்தான் வேலைப்பாடு தெரியும். தனி ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கிட்டாரைச் செய்து முடிக்க நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதைக் கூலிக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், கைவினைஞர் சொல்லும் விலை நியாயமாகவே தோன்றும்.

ஆனால் 'கையால் செய்தது' என்று விளம்பரம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தைச் செதுக்குவது, பலகைகளை வெட்டுவது, தந்திகளுக்கடியில் உள்ள விரற்பலகையில் ஃபிரெட் எனப்படும் குறுக்குக் கம்பிகளுக்கான பள்ளங்கள் அறுப்பது ஆகியவற்றை இன்று விலை உயர்ந்த நிறுவனங்களும் கணினி இயக்கும் இயந்திரங்களிடமே விட்டிருக்கின்றன. அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம் இதில் முன்னோடி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மனிதக் கையைவிட இயந்திரம் அந்த வேலைகளைத் துல்லியமாகச் செய்கிறது. அதே இயந்திரங்கள் மலிவு ஆலைகளுக்கும் வந்துவிட்டதால்தான், இன்றைய பத்தாயிரம் ரூபாய்க் கிட்டார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நிலையில் கிடைத்ததைவிட எவ்வளவோ மேலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கழுத்து வளைந்த கிட்டாரோடு போராடியே வாசிப்பை விட்டவர்கள் ஏராளம்.

எங்கே செய்யப்பட்டது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. மார்ட்டின் ஆலை உள்ள பென்சில்வேனியாவின் நாசரேத்திலோ, டெய்லர் ஆலை உள்ள கலிபோர்னியாவின் எல் கஹோனிலோ ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி, இந்தோனேசியாவிலோ சீனாவிலோ கொடுக்கும் கூலியைப் போலப் பல மடங்கு. இதை நன்கு அறிந்துதான் மார்ட்டின் நிறுவனம் தன் விலை குறைந்த வரிசைகளை மெக்சிகோவின் நவோஹோவாவிலும், டெய்லர் நிறுவனம் தன்னுடையவற்றை அதே நாட்டின் டெகாட்டேயிலும் செய்கின்றன. அமெரிக்காவில் செய்த ஒரு கிட்டார் நம் ஊர்க் கடைக்கு வரும்போது கப்பல் கூலி, சுங்க வரி, சரக்கு-சேவை வரி, இறக்குமதியாளர் பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் ஏறியிருக்கும். நீங்கள் பார்த்த மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தில் இவற்றுக்குப் போகும் தொகையைக் கழித்தால், மரத்துக்கும் உழைப்புக்கும் மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

பின்பலகை, பக்கப்பலகை மரங்களைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்லியிருப்பார். 'ரோஸ்வுட்' என்ற சொல்லுக்கே தனி விலை வைத்துச் சொல்வது வழக்கம். அந்த ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வார்கள். 1960-களின் இறுதி வரை உயர்ந்த கிட்டார்களுக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தினார்கள். வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைப் பிரேசில் கட்டுப்படுத்தியதும், மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1992-இல் பிரேசில் ரோஸ்வுட், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இடம்பெற்றது. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்தப் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது; ஒவ்வொரு கிட்டாருக்கும் அனுமதிச் சீட்டு எழுத வேண்டிய நிலை ஏற்பட்டு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல்தான் விலக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் ஈட்டி மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இலேயே தனிச் சட்டம் வந்தது. நம் மலையில் வளர்ந்த மரம் அளவாக அறுத்த பலகையாகக் கடல் கடந்து, கிட்டாராகி, இறக்குமதி வரியோடு நம்மிடமே திரும்பி வருகிறது என்பதை நினைத்தால் சற்று எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு வரலாறும் கட்டுப்பாடும் சேர்ந்து அந்த மரத்தின் விலையை உயர்த்தியிருக்கின்றன என்பது உண்மை. அது ஒலியையும் அதே அளவுக்கு உயர்த்துகிறதா என்றால், சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை வகுத்த ஸ்பானியக் கைவினைஞர் அன்டோனியோ டி டோரஸ், 1862-இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலிக்கு ஆதாரம் மேற்பலகையே என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அந்தக் கிட்டார் இன்றும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்புற மரம் மட்டும் வேறுபட, மற்ற அனைத்தும் ஒன்றாக இருக்கும்படி ஒரே கைவினைஞர் செய்த ஆறு கிட்டார்களை, மர வகை கண்ணில் படாதவாறு 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்ற ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. பின்புற மரத்தால் ஒலியே மாறாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கிட்டார் வாங்கும்போது அந்தக் காரணத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

அலங்காரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மார்ட்டினின் டி-28, டி-45 ஆகிய இரண்டும் ஒரே உடல் வடிவம் கொண்டவை. இரண்டுக்கும் மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், பின்புறம் இந்திய ஈட்டி. டி-45-இன் விளிம்பெல்லாம் அபலோன் என்ற கடற்சிப்பியின் வண்ணத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்திருப்பார்கள், மரமும் பார்வைக்கு அழகானதாகப் பொறுக்கியெடுத்ததாக இருக்கும். டி-45-இன் விலையோ டி-28-ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பார்த்து மகிழ்வதற்காகக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும்.

மெருகுப் பூச்சும் விலையில் சேர்கிறது. மலிவான கிட்டார்களில் பாலியெஸ்டர் பூச்சைத் தடிமனாக அடித்து, புற ஊதா ஒளியில் சில நிமிடங்களில் காய வைத்துவிடுவார்கள். விலை உயர்ந்தவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை மெல்லிய படலங்களாகப் பல நாட்கள் அடித்து, வாரக்கணக்கில் காயவிட்டு, பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். மெல்லிய பூச்சு மேற்பலகையின் அசைவைக் கட்டிப்போடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த லேக்கர் வியர்வைக்கு மங்கும், சிலவகை ரப்பர் பட்டால் கறைபடும். மாலை வேளையில் கைகளில் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொண்டு வாசித்தால் பூச்சே இளகிக் கையோடு வந்துவிடும். நம் ஊர் வாழ்க்கைக்குப் பாலியெஸ்டர் பூச்சு எவ்வளவோ நிம்மதி.

விலை ஏற ஏறப் பொறுப்பும் ஏறுகிறது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பின்பலகை, பக்கங்கள் எல்லாம் முழுமரமாக உள்ள கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரையிலான ஈரப்பதமே ஏற்றது என்று செய்பவர்களே சொல்கிறார்கள். நம் வீடுகளில் மழைக்காலத்தில் அது மிக அதிகமாகவும், இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் வெகுவாகக் குறைந்தும் போகும். ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பித் தந்திகள் உயரும். வறண்டால் பலகை சுருங்கி வெடிக்கும். பெட்டியில் வைத்து மூடி, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் போட்டு, அவ்வப்போது பார்த்துவரும் பொறுமை உள்ளவர்களுக்கே முழுமரக் கிட்டார் பொருந்தும். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தக் கிட்டாரையும் வைக்கக் கூடாது, பசை இளகிவிடும்.

இனி உங்கள் மகளின் விரலுக்கு வருகிறேன். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் தந்திகளைக் குறுக்கே அழுத்த வேண்டும். முதல் ஃபிரெட்டுக்கு மிக அருகில், கழுத்தின் நுனியில் இருக்கும் சிறு பட்டைதான் நட். தந்திகள் அதில் உள்ள பள்ளங்களில்தான் உட்கார்கின்றன. விலை குறைந்த கிட்டார்களில் அந்தப் பள்ளங்களைத் தேவையான ஆழத்துக்கு அறுக்காமல் உயரமாகவே விட்டுவிடுவது வழக்கம், ஏனெனில் ஆழம் கூடினால் தந்தி ஃபிரெட்டில் உராய்ந்து இரையும், புகார் வரும்; உயரமாக விட்டால் வாங்கியவர் தன் விரலைத்தான் நொந்துகொள்வார். தந்தி உயரமாக இருந்தால் அழுத்துவதற்கு அதிக வலு வேண்டும். அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். வெறும் தந்தியில் சரியாக இருந்த சுருதி கார்டு பிடித்ததும் பிசகுவதாக உங்கள் மகள் சொல்வது இந்தக் காரணத்தால்தான் இருக்கும். அவள் காது நன்றாக வேலை செய்கிறது என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு வேண்டியது புதிய கிட்டார் அல்ல, செட்டப் எனப்படும் சீரமைப்பு. நட் பள்ளங்களை ஆழப்படுத்துவது, கழுத்தின் உள்ளே உள்ள ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்வது, பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சாடில் என்ற பட்டையைத் தேய்த்துத் தந்தியின் உயரத்தைக் குறைப்பது, உயர்ந்து நிற்கும் ஃபிரெட்டுகளைச் சமன்செய்வது ஆகியவையே அந்த வேலை. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்தி ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். விலை உயர்ந்த கிட்டார் கையில் எடுத்தவுடன் வழுக்கிக்கொண்டு வாசிக்க வருவதற்கு ஒரு பெரிய காரணம், இந்த வேலையை ஆலையிலேயே பொறுமையாகச் செய்து அனுப்புவதுதான். அதே வேலையை உங்கள் 9,000 ரூபாய்க் கிட்டாருக்கு ஓரிரு ஆயிரம் ரூபாய்ச் செலவில் செய்துகொள்ளலாம். நட், சாடில் இரண்டும் பிளாஸ்டிக்காக இருந்தால் எலும்பில் மாற்றிக்கொள்வதும் நல்லது. அது பெரிய செலவல்ல.

ஆகவே முதலில் இருக்கும் கிட்டாரைச் சீரமைத்து, புதிய தந்தி மாட்டி, சில வாரங்கள் அவளை வாசிக்கவிடுங்கள். வலி தீர்ந்து, ஒலியில் மட்டும் நிறைவில்லை என்று அவளே சொன்னால் 24,000 ரூபாய்க் கிட்டாரை வாங்குங்கள். 62,000-ஐ இப்போது தொட வேண்டாம். மெதுவாகவும் அழுத்தியும் வாசித்து ஒலியின் நிறத்தை மாற்றும் பக்குவம் விரலுக்கு வந்த பிறகுதான் அந்த வேறுபாடு பயன்படும். மூன்று லட்சத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

வாங்கும் நாளில் விவரச்சீட்டைப் படித்துப் பாருங்கள். 'சாலிட்' என்ற சொல் இல்லாமல் 'ஸ்ப்ரூஸ் டாப்' என்று மட்டும் இருந்தால் அது லேமினேட் என்றே கொள்ளலாம். நடுவில் உள்ள ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தால், முழுமரத்தில் மேலே தெரியும் ரேகை பலகையின் தடிமனிலும் தொடர்ந்து இறங்கும். ப்ளைவுட்டில் படுக்கைவசமான அடுக்குகள் தெரியும். அதே விலையில் பிக்கப் (ஒலிபெருக்கியோடு இணைப்பதற்கான மின்கருவி) பொருத்திய மாடலைக் காட்டினால் ஏற்க வேண்டாம், மேடையில் வாசிக்காதவருக்கு அது மரத்திலிருந்து எடுத்து மின்கருவிக்குக் கொடுத்த பணம். கிட்டாரின் ஒலி முன்பக்கமாகவே அதிகம் போகும் என்பதால், ஆசிரியரை வாசிக்கச் சொல்லிவிட்டு மகளை எதிரே உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். துருவேறிய தந்தியோடு உள்ள நல்ல கிட்டார், புதுத் தந்தி போட்ட சாதாரணக் கிட்டாரிடம் தோற்றுப்போகும்; இரண்டிலும் தந்தி புதிதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு, வழக்கமான 12-53 அளவுக்கு (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பதிலாக அதைவிட மெல்லிய 11-52 தந்திகளை மாட்டித் தரச் சொல்லி, அந்த அளவுக்கு ஏற்ப அங்கேயே செட்டப் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.